இதயம் துடிக்கையில் மரணமா? – ஒரு திரைப்பட விமரிசனம்

2013-இல் வெளிவந்த ‘சென்னையில் ஒரு நாள்’ படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். 2011-இல் வந்த ‘டிராஃபிக்’ என்னும் மலையாளப் படத்தின் தழுவல் அது. கதைக்கு வித்தான நிகழ்ச்சியோ நம் பக்கத்தில் நடந்தது. 2008 செப்டம்பரில், அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்த திருக்கழுக்குன்றத்தின் மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் செய்தனர். போலீசார் போக்குவரத்தை நிறுத்தி வழிவிட, அவனது இதயம் ஒரு சிறுமியைச் சென்றடைந்தது.

படத்தின் சிறப்பு அதன் வேகம். வெளியே எடுத்துக் குளிரூட்டிய இதயம் ஏறத்தாழ நான்கு மணி நேரமே தாங்கும். ஆகவே அவ்வேகம் மிகையன்று. ஆனால் சாலைக்குத் தந்த இடத்தைப் படம் மரணத்துக்குத் தரவில்லை. “மார்பு ஏறி இறங்குகிறது, நாடி துடிக்கிறது, பிறகு எப்படி இறந்தான் என்பது?” என்று உத்திரமேரூரில் படம் பார்க்கும் ஒருவர் கேட்டால் என்ன விடை?

இதயம் துடிக்க மூளையின் கட்டளை தேவையில்லை. பிராணவாயு கிடைக்கும்வரை தானே துடிக்கும். மூச்சுவிடத்தான் மூளைத்தண்டு வேண்டும். அது அழிந்தபின் மார்பை அசைப்பது வெண்டிலேட்டர் கருவியே. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நான்கு மருத்துவர்கள் குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். கண்ணின் பாவை ஒளிக்குச் சுருங்குகிறதா, இருமல் வருகிறதா, கருவியை விலக்கினால் கரியமில வாயு மிகுந்தும் மூச்சு எழவில்லையா என்றெல்லாம் பார்ப்பார்கள். உறுப்பு மாற்றும் குழுவினர் இதில் சேரக்கூடாது.

வேறொரு வழியும் உண்டு. பிழைக்க வழியில்லாதவருக்குக் கருவியை நிறுத்தி, இதயம் நின்றபின் சுமார் ஐந்து நிமிடம் தொடாமல் காத்திருந்து உறுப்பை எடுப்பது. இதயச்சாவையும் அச்சட்டம் மரணமாகவே ஏற்கிறது. ஆனால் கருவியை நிறுத்தும் முடிவு முதலில், தனியாக எடுக்கப்பட வேண்டும். தானப் பேச்சு அதன் பின்னரே வரவேண்டும்.

முதலாம் பராந்தகன் காலத்திலேயே குடவோலைத் தேர்தல் விதிகளை யாவரும் காணச் சுவரில் பொறித்த ஊர் உத்திரமேரூர். விதி தெரிந்தால்தான் நம்பிக்கை பிறக்கும். படம் கண்ணீரை வரவழைத்தது, விதியைச் சொல்லவில்லை. நாளை உங்கள் வீட்டாரிடம் ஒரு கையெழுத்துக் கேட்கப்பட்டால், “முதற்சோதனை எப்போது? இரண்டாவது எப்போது?” என்று கேளுங்கள். விடை அறிந்து தருவதே தானம்.