தோலும் மோட்டாரும்: இணைவிசை குறித்துச் சில குறிப்புகள்

மரபிசையோடு மின்னிசை கலப்பதைப் பற்றி நம்மிடம் இரண்டே பேச்சுதான் புழங்குகிறது. கலந்தால் கெட்டது என்பது சபாக்காரர் பேச்சு. கலந்தால்தான் உலகத்தரம் என்பது கம்பெனிக்காரர் பேச்சு. முன்னவர் விற்பது தூய்மை, பின்னவர் விற்பது புதுமை. சரக்குதான் வேறு, கடை ஒன்று. வாசிக்கிற ஆள் யார், அவருக்கு என்ன ஆயிற்று என்கிற கேள்வி இரண்டு பேச்சிலுமே கிடையாது.

இணைவிசை என்றதும் நாம் எடுத்துக்காட்டுவது எதை? 1986இல் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’, அதே ஆண்டு கணினி இசையோடு வந்த ‘புன்னகை மன்னன்’, 1992இன் ‘ரோஜா’. நல்ல எடுத்துக்காட்டுகள்தான். ஆனால் தமிழ்நாட்டில் ஊர் ஊராக அன்றாடம் ஒலிக்கிற இணைவிசை இவற்றில் எதுவுமில்லை. தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டியதும் தடதடவென்று அடிக்கத் தொடங்குகிற மேள எந்திரம்தான் அது. கண்டனூரிலிருந்து புதுவயல், காரைக்குடி என்று எந்தப் பக்கம் நடந்தாலும் பல கோயில்களில் இதைப் பார்க்கலாம். ஒரு மோட்டார், சுழலும் தண்டு, அதோடு கோத்த கம்பிகள். அவை அடிப்பது அசல் தோலை, அசல் மணியை. ஒலி மரபொலி, அடிக்கிற கை மட்டும் மின்சாரம். இதைவிடக் கறாரான கலப்பு உண்டா? ஆனால் எந்த விமர்சகரும் இதை இணைவிசை என்று எழுதியதில்லை. ஏன் எழுதவில்லை என்பதில்தான் நம் இசைச் சொல்லாடலின் அரசியலே இருக்கிறது.

மூன்று எந்திரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முதலாவது இந்த மேள எந்திரம். கருவி இருக்கிறது, ஆள் இல்லை. இரண்டாவது, 1970களின் கடைசியில் பெங்களூரில் ராஜ் நாராயண் உருவாக்கிய மின்னணு சுருதிப் பெட்டி. இதில் தம்புராவும் இல்லை, மீட்டியவரும் இல்லை. மூன்றாவது, ஒலித்துணுக்குகளைச் சேமித்து விசையில் பொருத்துகிற ‘சாம்ப்ளர்’. இதில் ஆளும் கருவியும் இல்லை, ஒருநாள் ஓர் ஆள் அடித்த அடியின் தடம் மட்டும் இருக்கிறது. யாரோ ஒருத்தர் தீயில் காய்ச்சி அடித்த பறை, ஆயிரம் பாட்டில் விசைவழி ஒலிக்கலாம். அடித்தவருக்குக் கிடைத்தது அன்றைய கூலி.

இந்த மூன்றில் சுருதிப் பெட்டியைச் சபா சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. தூய்மை பறிபோயிற்று என்று அப்போது பெரிய போர் மூளவில்லை. காரணம் எனக்கு வெளிப்படையாகவே படுகிறது. பெட்டி இடம்பிடித்தது பாடகர் மடியில் அல்ல, பின்வரிசையில். அங்கே உட்கார்ந்து தம்புரா மீட்டியவர் பெரும்பாலும் மாணவராகவோ பெண்ணாகவோ இருந்தார். கச்சேரி நோட்டீசில் பல நேரம் அவர் பெயர்கூட இருக்காது. பெயரில்லாதவர் இடத்துக்கு எந்திரம் வந்தால் அது வசதி, பெயருள்ளவர் இடத்துக்கு வந்தால் அது கலாச்சாரச் சீரழிவு. நம் பொதுப்புத்தி இப்படித்தான் வேலை செய்கிறது.

எந்திரத்தையே பகை என்று சொல்ல வரவில்லை. மரபு என்று நாம் சொல்வதே மாற்றங்களின் வரலாறு. யாழ் போய் வீணை நின்றது. பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் வயலின் வந்து நம்முடையதாயிற்று. ஒலிபெருக்கி வருமுன் கிட்டப்பா மாதிரியானவர்கள் உச்சஸ்தாயியில் பாடித்தான் கடைசி வரிசையை எட்ட வேண்டியிருந்தது. மைக் வந்ததும் கட்டை இறங்கியது, குரல் நெருங்கி வந்து குழைந்தது. இன்று ‘சுத்த கர்நாடகக் குரல்’ என்று கொண்டாடுகிறோமே, அதுவே பாதி மின்சாரம்தான்.

எங்கள் சீமைக்கும் இதில் பங்கு உண்டு. காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர். அவர் 1938இல் எடுத்த ‘நந்தகுமார்’, பின்னணிக் குரல் பயன்பட்ட முதல் தமிழ்ப் படமாகச் சொல்லப்படுகிறது. தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு எடுத்த ‘நாம் இருவர்’ 1947இல் வெளிவந்தது. பாரதி பாட்டுக்கு ஆடிய உடல் குமாரி கமலாவுடையது, குரல் டி.கே. பட்டம்மாளுடையது. குரலை உடம்பிலிருந்து கழற்றி இன்னோர் உடம்பில் மாட்டலாம் என்று தமிழ்க் காதைப் பழக்கிய இடங்களில் இந்தச் செம்மண் பொட்டலும் ஒன்று. சாம்ப்ளர் அந்தப் பாதையின் அடுத்த மைல்கல், அவ்வளவுதான். ஒரு வித்தியாசம் மட்டும்: பட்டம்மாளை ஊரறியும். துணுக்கில் அடைபட்ட பறைக்காரரை யாரறிவார்?

எந்திரத்துக்குள்ளும் ஓர் இலக்கணம் ஒளிந்திருக்கிறது. அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தைத் தடைசெய்து, 1971 வாக்கில்தான் தளர்த்தியது. கட்டைகளுக்கு இடையிலுள்ள சுரத்தை அது தராது என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அதே கட்டை 1983இல் ‘மிடி’ என்கிற பெயரில் உலகப் பொதுமொழி ஆயிற்று. எந்த விசை, எப்போது அழுந்தியது, எவ்வளவு விசையாக, எப்போது விட்டது — ஒலியை இந்தக் கேள்விகளாகத்தான் அது அடிப்படையில் புரிந்துகொள்கிறது. பியானோவைப் பார்த்துச் செய்த இலக்கணம். தோடியின் காந்தாரமோ ஒரு விசையில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர். நாதஸ்வரக்காரர் அந்த அசைவைச் சீவாளியில் உதட்டாலும் மூச்சாலும், துளையைப் பாதி மூடுகிற விரலாலும் கொண்டுவருகிறார். மிடியில் அது ‘விசை’ அல்ல, விசையை வளைக்கும் சக்கரத்தின் வேலை. ஆக, நமக்கு மையமாக இருப்பது அந்த இலக்கணத்தில் இணைப்பு. கமகம் பிற்சேர்க்கை ஆகிவிடுகிறது.

தாண்ட முடியாத சுவரா இது என்றால், இல்லை. விரல் வழுக்கிப் போகிற ‘கன்டினுயம்’ பலகையை ஏ.ஆர். ரகுமான் 2009இல் வந்த ‘டெல்லி-6’ பாட்டில் கையாண்டார். கே. சத்தியநாராயணன் கீபோர்டிலேயே முழுக் கச்சேரி செய்கிறார். கை மெனக்கெட்டால் கருவி வளையும். ஆகவே கேள்வி கருவியின் சாதி பற்றியதல்ல, யாருடைய கைக்கு அது எட்டுகிறது என்பதைப் பற்றியது.

இந்த இடத்தில் நம் தோழர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். சாவுக்குப் பறையடிப்பதை இழிவென்று மறுத்துப் போராடியவர்கள் உண்டு. பறையை விடுதலைக் கருவியாக மீட்டெடுத்தவர்களும் உண்டு. 1990களில் நாம் விடிய விடிய பேசிய விவகாரம் இது. அப்படியிருக்க, சாதி சுமத்திய வேலையை எந்திரம் பிடுங்கிக்கொண்டால் நல்லதுதானேய்யா? போகட்டும் விடுங்கள்!

சுமை போவது நல்லதுதான். ஆனால் சுமையோடு சேர்ந்து என்னென்ன போனது என்று கணக்குப் பார்க்க வேண்டாமா? மேளக்காரர் வாசலை விட்டுப் போனபோது அவரோடு கூலியும் போனது, பிள்ளைக்கு வாசிப்பு சொல்லித்தர இருந்த காரணமும் போனது. எந்திரம் சாதியை ஒழிக்கவில்லை, ஆளை மட்டும் ஒழித்தது. இழிவிலிருந்து விடுதலை என்பது, அடிக்க மறுக்கவும் விரும்பினால் அடிக்கவும் அடித்தால் பெயரோடும் பங்கோடும் அடிக்கவும் உரிமை இருப்பது. சுவிட்ச் அந்த உரிமையைத் தராது.

தந்த இடம் வேறு. 2018 சனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் பறையையும் மின்கிதாரோடும் ராப்போடும் நிறுத்தியது. அங்கே பறை நிறம் கூட்டுகிற துணுக்காக இல்லை, ஆளோடு முன்வரிசையில் நின்றது. ஆனால் சந்தை அதைச் சும்மா விடுமா? 2021இல் ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகம் சுற்றியது. அந்த ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில், பாட்டை எழுதிப் பாடிய அறிவு இல்லை. பா. இரஞ்சித் பகிரங்கமாகக் கேட்ட பிறகே அவருக்கென்று ஒரு மின் அட்டை வந்தது. ஒப்பாரி வேண்டும், ஒப்பாரிக்காரரின் முகம் வேண்டாம்.

சட்டத்தில் வழி இல்லாமலில்லை. 1994 திருத்தம் நிகழ்த்துகலைஞர் உரிமையைக் காப்புரிமைச் சட்டத்தில் சேர்த்தது, 2012 திருத்தம் ராயல்டியையும் பேசியது. ரகுமானின் வெளியீடுகளில் வாத்தியக்காரர்களின் பெயர்கள் உறையில் அச்சாகி வந்தன. ஆனால் நாள்கூலிக்கு வந்து நான்கு அடி அடித்துப் போகிறவருக்குச் சட்டப்பிரிவு யார் சொல்லித் தருவது?

சிலப்பதிகார அரங்கேற்று காதையைத் திறந்து பாருங்கள். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் அமைதி தனித்தனியே சொல்லப்படுகிறது. எந்தக் கருவியின் பின் எந்தக் கருவி நிற்கும் என்கிற ஒழுங்கும் உண்டு. ஒன்று இன்னொன்றைக் கேட்டு, அதன் வழி நிற்பது. இணைவு என்பதற்கு இதைவிட நல்ல வரையறை எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு ஆள் வேண்டும். மோட்டாருக்குக் காது கிடையாது.

எழுதுகிற நம்மிடமிருந்தே தொடங்கலாம். ஓர் இசைவெளியீட்டைப் பற்றி எழுதும்போது தவில் யார், பறை யார், துணுக்கு எங்கிருந்து வந்தது, என்ன கொடுக்கப்பட்டது என்று கேட்டு எழுதுவோம். விவரம் கிடைக்கவில்லை என்றால் கேட்டும் கிடைக்கவில்லை என்பதையே அச்சிடுவோம். அதைச் செய்யாத இசைவிமர்சனம் கம்பெனி விளம்பரத்தின் நீண்ட வடிவம்தான்.