ஆங்கில வினைவிகுதிகளின் வரலாறு: சிதைவுக் கொள்கையும் வளர்ச்சிக் கொள்கையும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில வினைமுற்றுகள் பழைய ஆங்கிலக் காலத்திலிருந்து இன்றுவரை தம் விகுதிகளுள் பெரும்பாலானவற்றை இழந்துள்ளன. இவ்விழப்பை 19-ஆம் நூற்றாண்டு மொழியியலாளருள் ஒரு சாரார் சிதைவு என்றும், மற்றொரு சாரார் வளர்ச்சி என்றும் மதிப்பிட்டனர். வெவ்வேறு மாற்றங்களை ஒரே நிகழ்வாகக் கொண்டமையே இவ்விரு மதிப்பீடுகளுக்கும் பொதுவான குறை என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. 'என்', 'எத்', 'எஸ்ட்' ஆகிய மூன்று விகுதிகளின் மறைவுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருந்தன என்பதும், விகுதியற்ற வடிவங்கள் அனைத்தும் இழப்பின் விளைவல்ல என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வினைத்திரிபு, விகுதி, பழைய ஆங்கிலம், உயிர்மாற்ற வினை, துணைவினை, மொழிமாற்றம்.

முன்னுரை

'பாடினேன்' என்னும் தமிழ் வினைமுற்று செயல், காலம், இடம், எண் ஆகியவற்றைத் தன்னுள் அடக்கியுள்ளது. அதற்கு நிகரான 'சேங்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தனியே கேட்பவர் பாடியவர் யார் என்பதை அறிய இயலாது. பகுபத உறுப்பிலக்கணத்தில் பயின்றவர்க்கு இவ்வேறுபாடு உடனே புலப்படும். ஆனால் இதிலிருந்து ஒரு மொழியின் வளமையையும் மற்றொன்றின் வறுமையையும் முடிவு செய்வது எளிதில் நேரும் பிழை. இப்பிழைக்கு நெடிய வரலாறு உண்டு. ஐரோப்பிய ஒப்பிலக்கண அறிஞர்களே அதற்கு ஆளாயினர். ஆதலின், ஆங்கில வினைவிகுதிகளின் வரலாற்றையும் அதைப் பற்றி வழங்கப்பட்ட தீர்ப்புகளையும் ஒருங்கே ஆராய்வது தேவையாகிறது. ஆங்கில வடிவங்கள் இங்குத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்க்கப்பட்டுள்ளன.

ஒரு சொல்லும் இரு தீர்ப்புகளும்

ஜெர்மானிய அறிஞர் ஆகஸ்ட் ஷ்லெய்ஹர், 4-ஆம் நூற்றாண்டு விவிலிய மொழிபெயர்ப்பால் அறியப்படும் கோதிக் மொழியின் 'ஹபைடேடீமா' என்னும் வடிவத்தை ஆங்கிலத்தின் 'ஹேட்' என்பதோடு ஒப்பிட்டார். ஆற்றுப்படுகையில் உருண்டு உருண்டு உறுப்புகள் தேய்ந்த சிலையைப் போன்றது பிற்கால வடிவம் என்பது அவர் கருத்து. மொழியை உயிரியாகக் கருதிய அவருக்கு விகுதி இழப்பு முதுமையின் அடையாளமாகத் தோன்றியது.

டென்மார்க்கைச் சேர்ந்த ஆட்டோ யெஸ்பெர்சன் 1894-இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். கோதிக் மொழியில் ஒருமை, இருமை, பன்மை ஆகிய மூன்று எண்களிலும் இரண்டு வினைப்பாங்குகளிலும் 15 வடிவங்கள் செய்த பணியை ஆங்கிலத்தில் 'ஹேட்' என்னும் ஒரே வடிவம் செய்கிறது. குறைந்த நினைவுச் சுமையில் அதே பொருளை உணர்த்துவது முன்னேற்றமேயன்றிச் சிதைவன்று என்பது அவர் வாதம்.

யெஸ்பெர்சனின் மறுப்பு சிதைவுக் கொள்கையின் அடித்தளத்தை அசைத்தது. எனினும், அவரும் ஷ்லெய்ஹர் வகுத்த கேள்வியையே ஏற்றுக்கொண்டார். மாற்றம் முழுவதும் ஒரே திசையில் சென்றது என்பதில் இருவரும் உடன்படுகின்றனர். அத்திசைக்கு இட்ட மதிப்பெண்ணில் மட்டுமே வேறுபடுகின்றனர். இப்பொது எடுகோளே ஆய்வுக்குரியது.

பழைய ஆங்கிலத்தின் நிலை

ஆல்ஃபிரட் அரசர் காலத்து மேற்கு சாக்சன் வழக்கில் 'சிங்கன்' (பாடுதல்) என்னும் வினை நிகழ்காலத்தில் தன்மை ஒருமைக்கு 'சிங்கெ', முன்னிலை ஒருமைக்கு 'சிங்கெஸ்ட்', படர்க்கை ஒருமைக்கு 'சிங்கெத்' என விகுதி ஏற்றது. பன்மையில் மூவிடத்துக்கும் 'சிங்கத்' என்ற ஒரே வடிவமே நின்றது. அதே காலத்துப் பழைய உயர் ஜெர்மன் மொழி பன்மையிலும் மூவிடத்தையும் வேறுபடுத்தியது. எனவே, எழுத்துச் சான்றுகள் தொடங்கும்போதே ஆங்கிலம் பன்மையில் இட வேறுபாட்டை இழந்திருந்தது. நார்மானியப் படையெடுப்பே விகுதிகளை அழித்தது என்னும் பரவலான கருத்து இந்த ஒரு சான்றினாலேயே வலுவிழக்கிறது.

1066-ஆம் ஆண்டின் விளைவு வேறொன்று. மேற்கு சாக்சன் எழுத்து மரபைக் காத்த நிறுவனங்கள் ஆதரவிழந்தபின், பேச்சில் முன்பே நிகழ்ந்திருந்த மாற்றங்கள் ஏட்டில் வெளிப்பட்டன. 1154 வரையிலான நிகழ்வுகளைக் கூறும் பீட்டர்பரோ ஆண்டுக்குறிப்பின் இறுதிப் பகுதி இதற்குச் சான்று. வினையெச்சத்தின் 'அன்' ஈறும் கடந்தகாலப் பன்மையின் 'ஒன்' ஈறும் அங்கு 'என்' எனக் கலந்து நிற்கின்றன. முதலசையில் அழுத்தம் நிலைத்த ஜெர்மானிய ஒலிப்பு முறையில் ஈற்றசை உயிர்கள் மங்கியதன் பயன் இது.

மூன்று விகுதிகள், மூன்று காரணங்கள்

அழிந்த விகுதிகளைத் தனித்தனியே நோக்கும்போது 'ஒரே திசை' என்னும் எடுகோள் நிலைபெறவில்லை.

முதலாவது, பன்மை விகுதியாகிய 'என்'. இடைக்கால ஆங்கிலத்தில் நடுநாட்டு வழக்குக்கு உரிய இது, சாசர் வாழ்ந்த 14-ஆம் நூற்றாண்டு இலண்டனில் வழங்கியது. இறுதி னகரம் தேய்ந்து, பின் எஞ்சிய உயிரும் மறைந்தது. இது ஒலித்தேய்வு. ஷ்லெய்ஹரின் உவமை ஓரளவு பொருந்துவது இவ்விடத்தில்தான்.

இரண்டாவது, படர்க்கை ஒருமையின் 'எத்'. இது தேயவில்லை, வேறொரு விகுதியால் இடம்பெயர்க்கப்பட்டது. இன்றைய 'சிங்ஸ்' என்பதில் உள்ள 'ஸ்' வடபுலத்துக்கு உரியது. லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏட்டின் இலத்தீன் வரிகளுக்கிடையே ஆல்ட்ரெட் 10-ஆம் நூற்றாண்டில் நார்தம்ப்ரிய வழக்கில் எழுதிய சொற்பொருளில் இவ்வீறு பழைய ஈற்றோடு கலந்து காணப்படுகிறது. சாசர் தம் 'ரீவின் கதை'யில் வடநாட்டு மாணவர் இருவரின் பேச்சைத் தனித்துக்காட்ட இதே சகர ஈற்றைப் பயன்படுத்தினார். அன்று இலண்டன் செவிக்கு நகைப்பூட்டிய வட்டாரக் கூறு, இருநூறு ஆண்டுகளில் தலைநகரின் பொது வடிவமாயிற்று. ஷேக்ஸ்பியரிடம் இரு வடிவங்களும் வழங்குகின்றன. 1611-ஆம் ஆண்டின் விவிலிய மொழிபெயர்ப்போ 'எத்' ஈற்றையே போற்றியது. டெர்ட்டு நெவலைனென், ஹெலெனா ரவுமோலின்-புருன்பெர்க் ஆகியோர் அக்காலக் கடிதங்களைத் தொகுத்து ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட நூல், இம்மாற்றத்தில் பெண்கள் ஆண்களைவிட முந்தி நின்றமையைக் காட்டியது. சமய ஏட்டை மட்டும் சான்றாகக் கொள்பவர் இம்மாற்றத்தின் காலத்தையும் அதை முன்னெடுத்தவர்களையும் பிழைபட உணர்வர்.

மூன்றாவது, முன்னிலை ஒருமையின் 'எஸ்ட்'. இதன் மறைவுக்கு ஒலித்தேய்வு அடிப்படைக் காரணமன்று. 'தௌ' என்னும் ஒருமைப் பெயர் விலகியபோது அதற்குரிய விகுதியும் உடன் விலகியது. மதிப்புக் கருதி ஒருவரையும் பன்மையால் விளிக்கும் வழக்கு 13-ஆம் நூற்றாண்டு முதல் பரவி, 17-ஆம் நூற்றாண்டில் பொதுப் பேச்சிலிருந்து 'தௌ' வடிவத்தைப் பெரும்பாலும் அகற்றியது. நீ, நீங்கள் என்னும் வேறுபாட்டை நாள்தோறும் கையாளும் தமிழர்க்கு இதன் சமூக இயல்பு எளிதில் விளங்கும். ஆங்கிலத்தில் மதிப்புப் பன்மையே வென்றதால் ஒருமை, பன்மை வேறுபாடே முன்னிலையில் அற்றுப்போயிற்று. பயனுள்ள வேறுபாடொன்று இவ்வாறு இழக்கப்பட்டதை யெஸ்பெர்சனின் சிக்கனக் கோட்பாட்டால் விளக்குவது கடினம். அதைப் போலவே, எழுவாயே இடத்தைக் காட்டிவிட்ட பின்னரும் படர்க்கை ஒருமையில் 'ஸ்' நிலைத்திருப்பதும் அக்கோட்பாட்டுக்கு முரணானது. கிழக்கு ஆங்கிலியாவின் மரபு வழக்கு அதையும் கைவிட்டது. பொது ஆங்கிலம் கைவிடவில்லை.

விகுதியின்மையின் இருவகை

'ஹீ கேன்' என்பதில் 'ஸ்' இல்லாமை இழப்பாகத் தோன்றக்கூடும். உண்மையில் அது தொன்மையின் எச்சம். 'கேன்', 'மே', 'ஷல்' முதலிய வினைகளின் நிகழ்கால வடிவங்கள் மிகப் பழங்காலத்தில் இறந்தகால அமைப்பில் இருந்து நிகழ்காலப் பொருள் பெற்றவை. ஜெர்மானிய இறந்தகாலப் படர்க்கை ஒருமை விகுதி ஏற்பதில்லை. ஆதலின் இவையும் ஏற்கவில்லை. ஒரே தோற்றம், ஓரிடத்தில் இழப்பையும் மற்றோரிடத்தில் காப்பையும் குறிக்கிறது. இன்றைய வடிவத்தை மட்டும் நோக்கி விகுதிகளை எண்ணும் முறை இவ்வேறுபாட்டைக் காணாது.

எண்ணிக்கை காட்டுவதும் மறைப்பதும்

உயிர்மாற்றத்தால் காலம் காட்டும் வினைகள் 'எட்' ஈற்றை ஏற்று ஒழுங்குபட்டமை பற்றி எரெஸ் லீபர்மன் முதலியோர் 2007-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு குறிப்பிடத்தக்கது. பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாய் இருந்த 177 வினைகளுள் இடைக்கால ஆங்கிலத்தில் 145-உம், இன்று 98-உம் அவ்வாறே உள்ளன. ஒரு வினை மற்றொன்றைவிட 100 மடங்கு அரிதாக வழங்கினால் 10 மடங்கு விரைவில் ஒழுங்குபடும் என்பது அவர்களின் முடிவு. 'ஹெல்ப்' என்பதன் பழைய எச்சமாகிய 'ஹோல்பென்' மறைந்து 'ஹெல்ப்டு' நிலைத்தது இத்தகைய மாற்றமே.

பயன்பாட்டு மிகுதி பழைய வடிவத்தைக் காக்கும் என்னும் உண்மையை இவ்வாய்வு அளவிட்டுக் காட்டியது அதன் சிறப்பு. ஆயினும், தரவு அமைந்த முறையே முடிவின் ஒரு பகுதியைத் தீர்மானித்துவிடுகிறது. முதலில் ஒழுங்கற்றிருந்து இன்றும் வழங்கும் வினைகளே பட்டியலில் இடம்பெற்றன. எடுத்தலைக் குறித்த 'நிமன்' போன்று வழக்கொழிந்தவை அதில் இல்லை; அவ்வினையின் இடத்தை ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்த 'டேக்' பெற்றது. எதிர்த்திசையில் சென்றவையும் இல்லை. அணிதலைக் குறிக்கும் 'வேர்' பழைய ஆங்கிலத்தில் பின்னொட்டால் காலம் காட்டியது. இன்று 'வோர்' என உயிர் மாறுகிறது. 'டிக்' என்பதன் இறந்தகாலம் முன்பு 'டிக்டு', இன்று 'டக்'. எனவே, ஒழுங்குபடுதல் வலிய போக்கே எனினும் விதியன்று.

பணியை ஏற்றவை

விகுதி நீங்கியபோது அதன் பணி முழுதும் நீங்கவில்லை. இடமும் எண்ணும் எழுவாயிடம் சென்றன; எழுவாய் தோன்றாத வாக்கியம் அருகியது. விருப்பு, ஐயம் முதலியவற்றை உணர்த்திய வினைப்பாங்கின் பணியில் பெரும்பகுதியைத் துணைவினைகள் ஏற்றன. வினாவிலும் எதிர்மறையிலும் 'டூ' என்னும் துணைவினை 15-ஆம் நூற்றாண்டுக்குப் பின் வேரூன்றியதை ஆல்வார் எல்லேகார்டின் 1953-ஆம் ஆண்டு ஆய்வு விரிவாகப் பதிவு செய்தது. 'டஸ்' என்பதில் விகுதி முதன்மை வினையை விட்டுத் துணைவினைக்கு மாறியிருப்பது கருதத்தக்கது. வினைமுற்றின் விகுதிகள் சுருங்கிய அதே காலத்தில் தொடரமைப்பின் விதிகள் பெருகின. சொல்லளவில் நின்று மொழியை எளிது என்பவர் தொடரளவில் கூடிய நுட்பத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

தமிழாய்வுக்கு இதன் பயன்

மலையாள வினைமுற்று இடம், எண், பால் காட்டும் விகுதிகளை இழந்தது. ஏ. ஆர். ராஜராஜ வர்மா 'கேரள பாணினீய'த்தில் மலையாளத்தின் தனித்தன்மைகளுள் ஒன்றாக இதைச் சுட்டினார். தமிழிலும் எழுத்து வழக்கின் 'வந்தன' பேச்சில் 'வந்தது' என ஒருமையோடு ஒன்றுகிறது. மலையாளத்தைத் தேய்ந்த தமிழ் என்றோ, பேச்சுத் தமிழைச் சிதைந்த தமிழ் என்றோ கூறுவது ஷ்லெய்ஹரின் தீர்ப்பைத் திரும்பக் கூறுவதாகும். எவ்விகுதி, எவ்வழக்கில், எதன் பொருட்டு நீங்கியது, அதன் பணியை எது ஏற்றது என்னும் வினாக்களே அத்தகைய ஆய்வுக்கும் வழிகாட்டுவன.

முடிவுரை

ஆங்கிலத்தின் 'என்' ஒலியால் தேய்ந்தது. 'எத்' வட்டார வழக்கொன்றின் பரவலால் விலகியது. 'எஸ்ட்' மதிப்பு வழக்கால் மறைந்தது. 'கேன்' தொடக்கத்திலிருந்தே விகுதியற்று நின்றது. இவற்றைச் சிதைவு என்றோ வளர்ச்சி என்றோ ஒரு பெயரில் தொகுப்பது காரணங்களை மறைக்கிறது. விகுதிகளின் எண்ணிக்கை ஒரு மொழியின் அமைப்பைக் கூறும். அதன் தகுதியைக் கூறாது.