கோபுலுவின் சித்திரங்கள்: அன்றாட வாழ்வு என்னும் ஊற்று

கோபுலு (இயற்பெயர் கோபாலன், 1924–2015) ஆனந்த விகடன் இதழின் வழியாகத் தமிழ் வாசகர்களிடம் புகழ்பெற்ற ஓவியர். தொடர்கதைப் படங்கள், நகைச்சுவைத் துணுக்குப் படங்கள், அட்டைப்படங்கள், விளம்பரப் படங்கள் எனப் பல வகைகளில் வரைந்தவர். அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பாராட்டும் நினைவுகூரலும் மிகுதி. அவருடைய படங்கள் எப்படிக் கதை சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்ற கேள்விகள் குறைவாகவே எழுப்பப்பட்டுள்ளன. இக்கட்டுரை அக்கேள்விகளை எடுத்துக்கொள்கிறது.

பின்புலம்

தஞ்சாவூரில் பிறந்த கோபுலு கும்பகோணம் ஓவியப் பள்ளியில் பயின்றார். விகடனின் கேலிச்சித்திரக்காரரான மாலி அவரை ஊக்குவித்தார். 'கோபுலு' என்ற பெயரும் மாலி இட்டதே. 1940-களில் விகடனில் சேர்ந்த அவர், 1960-களில் விளம்பரத் துறைக்குச் சென்றார். அதன் பின்னரும் இதழ்களுக்கு வரைவதை நிறுத்தவில்லை.

அக்காலத் தமிழ் இதழ்களில் ஓவியர்களுக்கு இடையே இயல்பாகவே ஒரு துறைப்பிரிவு இருந்தது. கல்கி இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடருக்கு வரைந்த மணியம், கண்ணால் கண்டிராத சோழர் காலத்தைக் கற்பனையில் உருவாக்கினார். விகடனில் வரைந்த சில்பி, கோயில்களுக்கு நேரில் சென்று சிற்பங்களைத் தாளில் பதிவு செய்தார். ஒருவருக்குப் பழங்காலம், மற்றவருக்குக் கல். கோபுலுவுக்குக் கிடைத்தது தெரு. கல்யாண வீடு, கச்சேரி மேடை, பேருந்து நிறுத்தம், அலுவலகம், சமையலறை என எல்லோரும் தினமும் பார்த்த இடங்களே அவருடைய பாடப்புத்தகம்.

தெரிந்ததை வரைவதன் கடினம்

அன்றாட வாழ்வை வரைவது எளிது என்று தோன்றலாம். உண்மையில் அதில் ஓர் இக்கட்டு உண்டு. சோழர் கால நகை தவறாக இருந்தால் ஆய்வாளர் மட்டுமே கண்டுபிடிப்பார். நாதஸ்வரத்தைப் பிடிக்கும் விதமோ, மடிசார் கட்டோ, பந்தியில் இலை போட்ட திசையோ தவறினால் அந்த வாரமே ஆயிரக்கணக்கான வாசகர்களுக்குத் தெரிந்துவிடும். கோபுலுவின் படங்களை வாசகர்கள் நம்பியதற்கு இந்தச் சோதனையில் அவை தேறியதே காரணம்.

அச்சு முறையும் அவருடைய கோட்டை வடிவமைத்தது எனலாம். கோட்டுப் படங்கள் உலோக பிளாக்குகளாகச் செய்யப்பட்டு, மலிவான தாளில் அச்சாயின. அம்முறையில் சாம்பல் நிறத்துக்கு இடமில்லை; கறுப்பு, வெள்ளை இரண்டே உண்டு. நுணுக்கமான கோடுகள் மசியில் கலங்கிவிடும். ஆகவே எதை வரைவது என்பதைவிட எதை விடுவது என்பதே முக்கியம் ஆயிற்று. ஒரு மனிதரின் கோபத்தைக் காட்ட முகம் முழுவதும் தேவையில்லை. முதுகின் வளைவும் தோளில் கிடக்கும் துண்டும் போதும்.

சொல் இல்லாத நகைச்சுவை

உரையாடல் எதுவும் இன்றி வரும் நகைச்சுவைப் படங்கள் கோபுலுவின் சிறப்பான பங்களிப்பு. வழக்கமான துணுக்குகளில் சிரிப்பு கீழே உள்ள வசனத்தில் இருக்கும். படத்தை எடுத்துவிட்டாலும் துணுக்கு நிற்கும். வசனமில்லாப் படத்தில் வாசகரே கதையைக் கண்டுபிடிக்க வேண்டும். யார் யாரைப் பார்க்கிறார், முதல் கட்டத்தில் இருந்த பொருள் அடுத்த கட்டத்தில் எங்கே போயிற்று என்று கண் தேட வேண்டும். எழுத்தறியாதவரும் அதைப் படிக்கலாம். வாசகரைப் பார்க்கப் பழக்கும் ஒரு பயிற்சியாகவும் அது அமைகிறது.

தொடர்கதைப் படங்கள்

கொத்தமங்கலம் சுப்பு, 'கலைமணி' என்ற பெயரில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' கோபுலுவுக்கு இயல்பாகப் பொருந்திய கதை. நாதஸ்வரமும் தவிலும் சதிரும் தஞ்சை மண்ணில் வளர்ந்தவருக்குப் பழகியவை. 1968-இல் அக்கதை திரைப்படமாக வருவதற்கு முன்பே, பாத்திரங்களுக்கு வாசகர் மனத்தில் முகம் கிடைத்திருந்தது. ஒரு நாதஸ்வரக் கோஷ்டியில் வாசிப்பவர் மட்டுமல்லர், ஒத்து ஊதுபவரும் தாளம் போடுபவரும் இருக்கிறார்கள். கதை நாயகனைச் சுற்றி ஓடினாலும், படம் அந்தப் பக்கத்து மனிதர்களையும் காட்டுகிறது.

சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்' இதற்கு மாறான சோதனை. அப்பளம் இடுவதற்குப் பாட்டிகள் அமெரிக்காவுக்கு விமானம் ஏறும் கதை அது. கோபுலு அமெரிக்காவை விந்தையாக்கவில்லை. பாட்டிகளையும் கேலிப் பொருளாக்கவில்லை. தஞ்சாவூர்க் கல்யாணத்தை அப்படியே கொண்டுபோய் வேற்று மண்ணில் வைத்தார். பழகிய பொருள் பழகாத இடத்தில் நிற்பதே சிரிப்பைத் தருகிறது.

எல்லைகள்

ஒருவர் தாம் அறிந்ததையே வரையும்போது, அறியாதது படத்துக்கு வெளியே நின்றுவிடும். கோபுலுவின் உலகம் பெரும்பாலும் காவிரிக்கரை அக்கிரகாரமும் சென்னை நடுத்தர வர்க்கமும்தான். வயலில் உழைப்பவரும் ஆலைத் தொழிலாளியும் அதில் நடுவிடம் பெறுவது அரிது. அதட்டும் மனைவி, அஞ்சும் கணவன், கொடுமைக்கார மாமியார் என்னும் அச்சுகள் துணுக்குப் படங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. இது இதழின் வாசகப் பரப்பையும் காலத்தையும் சேர்ந்த குறை என்பது உண்மை. ஆனால் "அந்தக் காலத் தமிழ் வாழ்க்கை" என்று அப்படங்களைப் பொதுவாகச் சொல்லும்போது, அது யாருடைய வாழ்க்கை என்று கேட்கவேண்டியிருக்கிறது.

மதிப்பீடு

இதழ் ஓவியத்தை ஒரு வாரப் பொருளாகவே தமிழ்ச் சூழல் நடத்தியது. வாசகர்கள் தொடர்களைக் கிழித்துத் தைத்துப் பாதுகாத்தார்கள்; ஆனால் பல தொடர்கள் நூலாக வந்தபோது படங்கள் விடுபட்டன. இன்று இணையத்தில் பகிரப்படும் பழைய இதழ்ப் படங்கள் பலவற்றில் இதழின் பெயரோ ஆண்டோ இருப்பதில்லை. கதையிலிருந்து பிரிந்த படம் வெறும் ஏக்கப் பொருளாகச் சுருங்குகிறது. எழுத்தையும் படத்தையும் ஒன்றாக வைத்துப் பதிப்பிக்கும்போதுதான் கோபுலுவை முறையாகக் கற்க முடியும்.

பக்கவாதத்தால் வலக்கை பாதிக்கப்பட்டபோது, கோபுலு இடக்கையால் வரையப் பழகிக்கொண்டார். இச்செய்தி பெரும்பாலும் மனவுறுதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. ஓவியம் பயிலும் மாணவருக்கு அதில் வேறொரு பாடமும் உண்டு. கைத்திறன் போனாலும் பல ஆண்டுகள் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது போகவில்லை. கோபுலுவின் பாணியை நகலெடுப்பதைவிட, அவர் பார்க்காமல் விட்ட தெருக்களை அவர் பார்த்தது போன்ற கூர்மையுடன் பார்ப்பதே அவரிடம் கற்கத்தக்கது.