பாயும் முட்டியும்

செயல்வழிக் கற்றலை வெறும் அட்டைக் கட்டு என்று ஒதுக்கும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ரிஷிவேலியில் வேர் கொண்ட முறை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் தமிழகமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. ஏணிப்படி, அட்டை, பிள்ளை கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை. என் கண்ணில் முதலில் பட்டது பாய்தான். வாத்தியார் நாற்காலியை விட்டு இறங்கி வட்டமாக உட்காரணும். சேரிப் பிள்ளையின் முழங்கால் அவர் முழங்காலில் இடிக்கும். கடைசி வரிசை என்று ஒன்று கிடையாது.

குறுவள மையக் கூட்டத்தில் "முட்டி வலிக்குது சார்" என்றார்கள். வயசானவர்கள் சொன்னது சரி. இளவட்டங்களுக்குமா? கேட்டேன். "இங்க கற்பித்தல் மட்டும் பேசுவோம்" என்று முடித்துவிட்டார்கள்.

அந்தக் கூட்டம் வீண் என்று சொல்லமாட்டேன். பத்துப் பத்தாக ஈர்க்குச்சியைக் கட்டி வைத்து, கழித்தலில் கடன் வாங்கும்போது ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டும் வித்தையைப் பக்கத்து ஊர் டீச்சரிடம் அங்கேதான் படித்தேன். இப்படி ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் வளர்கிறோம், கணக்கில். சாதியில்?

2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தோம். அரும்பிலேயே தங்கிவிடுவது எந்தத் தெருப் பிள்ளைகள்? படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

2023 நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் 2024 அறிக்கை, மாணவர் கையிலுள்ள கயிற்றோடு ஆசிரியரின் சாதியையும் பேசியது. அதை ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து வாசிப்போம் என்றேன். நிகழ்ச்சி நிரலில் இடமில்லையாம்.