மூவடியும் நாவற்பழமும்: பெரியாழ்வார் திருமொழியில் அடங்காப் பிள்ளை

நடுநாட்டுத் திருப்பதிகள் இரண்டனுள் ஒன்றான திருக்கோவலூர், 2019-இல் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணையின் தென்கரையில் விளங்குகிறது. கல்வராயன் மலையை மேற்கெல்லையாகக் கொண்ட இந்நாட்டில் உலகளந்த பெருமானை ஸேவிக்க வருவோர், அவன் ஓங்கி வளர்ந்த வளர்த்தியையே கண்டு வியப்பர். வளர்வதற்கு முன் அவன் செய்ததும் வியக்கத்தக்கதே. வேண்டுவன எல்லாம் தருவதாக மாவலி சொல்லியும், குறளுருவாய் வந்தவன் மூன்றடி மண்ணுக்கு மேல் ஒன்றும் கொள்ள இசையவில்லை. சுக்ரன் தடுத்தபோதும் கேட்டதை விடவில்லை. பெரியவர் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும், கேட்டது கேட்டதுதான் என்று நிற்கும் சிறுபிள்ளையின் நிலை இது.

திருக்கோவலூருக்கெனப் பெரியாழ்வார் தனியே பதிகம் அருளியதில்லை. ஆயினும் அத்தலத்து வரலாற்றை ஆய்ப்பாடித் தொட்டிலருகே கொண்டுவந்து வைத்தவர் அவரே. அம்புலிப் பதிகத்தில் யசோதை சந்திரனை எச்சரிக்கிறாள். தன் பிள்ளை சிறியவன் என்று எண்ணி ஏளனம் செய்யவேண்டா என்றும், சிறுமை என்ன செய்யும் என்பதை அறிய விரும்பினால் மாவலியிடம் போய்க் கேட்டுக்கொள் என்றும் சொல்கிறாள். வேள்விச்சாலையில் மூவடி கேட்டு நின்றவனும், நிலவைக் கேட்டுக் கைநீட்டி நிற்பவனும் ஒருவனே என்பது இங்கே வெளிப்படுகிறது. அவ்வொருமை பிள்ளையின் அடங்காமையிலேயே காணக்கிடக்கிறது என்பதும், அங்கு எழும் சிரிப்பை ஒதுக்கிவிட்டுத் தத்துவத்தை மட்டும் கொள்ள முயல்வோர் தத்துவத்தையும் இழப்பர் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திருப்பல்லாண்டு உட்பட 473 பாசுரங்கள் கொண்ட இத்திருமொழியைப் பயில்வோரிடையே இரண்டு போக்குகள் உள. இலக்கிய வரலாற்றினர், பிற்காலப் பிள்ளைத்தமிழுக்கு இது முன்னோடி என்று சொல்லி, பருவங்களை எண்ணிக் காட்டி அமைவர். உபந்யாஸகருள் சிலர், பிள்ளையின் ஒவ்வொரு செயலுக்கும் ஓர் உட்பொருள் கூறி, அச்செயலை விரைவில் கடந்துவிடுவர். முன்னவருக்குக் குழந்தை ஓர் இலக்கிய வகை. பின்னவருக்கு அது ஒரு குறியீடு. இருசாராரிடத்தும் குழந்தை குழந்தையாக நிற்பதில்லை. வ்யாக்யான மரபு இவ்விரண்டுக்கும் இடங்கொடுப்பதன்று. பெரியவாச்சான் பிள்ளையின் உரையில் இழந்துபோன பகுதிக்கு உரையிட்டருளிய மணவாள மாமுனிகள் (1370–1443), பாசுரத்தின் வீட்டுப் பேச்சை வீட்டுப் பேச்சாகவே விளங்கவைத்த பின்னரே மேலே செல்கிறார். இதன் அருமை காதுகுத்தும் பதிகத்தில் நன்கு புலப்படும்.

காதுகுத்தும் பதிகம்

இப்பதிகத்தில் கேசவன் முதல் தாமோதரன் ஈறான பன்னிரு திருநாமங்கள், பாசுரத்துக்கு ஒன்றாக வரிசையில் அமைகின்றன. வைணவன் நாள்தோறும் திருமண் இடும்போது பன்னிரண்டு இடங்களில் அநுஸந்திக்கும் நாமங்கள் இவையே. ஆய்ப்பாடியில் இவற்றுக்கு வாய்த்த பயன் வேறு. கடிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடும் பிள்ளையைப் பிடிக்க ஒரு தாய் கூவும் பெயர்கள் ஆகின்றன. ஒரு பெயருக்குத் திரும்பாத பிள்ளையை வேறொரு பெயரால் அழைத்துப் பார்ப்பது எல்லா வீட்டிலும் உள்ளதே. பன்னிரண்டும் செலவான பின்னரே பதிகம் முடிகிறது.

பிள்ளை வாயடைத்து நிற்பவன் அல்லன். காது வீங்கி எரிந்தால் உனக்கென்ன போயிற்று என்று கேட்கிறான். பழைய கணக்குகளையும் எடுக்கிறான். மண் தின்றேன் என்று சொல்லி அடித்துப் பிடித்து எல்லாருக்கும் காட்டினாயே என்கிறான். வெண்ணெய் தொட்டேன் என்று பிறர் சொன்ன சொல்லை நம்பிப் பலரும் காண உரலோடு கட்டினாயே என்கிறான். காது குத்தும் பேச்சு உரலில் கட்டிய வழக்காக மாறிவிடுகிறது. தான் குற்றவாளியாக நிற்கும் இடத்தில் தாயைக் குற்றவாளி ஆக்கும் இத்திறம் நான்கு வயதுப் பிள்ளையை வளர்த்தவர் எவரும் அறிந்ததே. தாயோ அவ்வழக்கில் இறங்குவதில்லை. நடந்தவற்றைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு இருந்தால் காதுத் துளை தூர்ந்துபோகும் என்று தன் காரியத்திலேயே நிற்கிறாள். இருவரில் பிடிவாதம் மிக்கவர் யார் என்று துணிவது எளிதன்று.

மூலத்தில் இவ்வுரையாடலுக்குப் பேசுவோர் பெயர் இல்லை. பாசுரத்தின் ஒரு பாதி பிள்ளையின் சொல்லாகவும் மறுபாதி தாயின் மறுமொழியாகவும் இருக்க, இரண்டும் இடையீடின்றி ஒழுகும். எது எவர் வார்த்தை என்று பிரித்துக் காட்டுவது உரையின் முதற்பணி ஆகிறது. அப்பிரிவு இல்லையேல், பிள்ளையின் குறும்பான எதிர்ப்பேச்சைத் தாயின் புலம்பலாகக் கொண்டு மயங்க நேரும். ஆகவே இங்குச் சிரிப்பைக் காத்துக் கொடுத்தவர்கள் உரையாசிரியர்களே. உட்பொருள் கூற முற்படுவோர் முதலில் இப்பணிக்குக் கடமைப்பட்டவர்கள்.

வழக்கில் தோற்கும் நிலையில் தாய் கையாளும் கருவி நாவற்பழம். பழம் கொண்டுவந்து வைத்திருக்கிறேன், பார் என்கிறாள். ஆயினும் ஒருகால் இட்ட கடிப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முலைப்பாலும் வேண்டாம் என்று அவன் ஓடிய செய்தியும் இப்பதிகத்திலேயே உண்டு. கல்மழை காக்க மலையை எடுத்தவன் என்ற செய்தி அதே பாசுரத்தில் வருகிறது. மலையைத் தாங்கிய பிள்ளைக்குக் காதில் ஒரு கடிப்பு தாங்கவில்லை.

நாவற்பழத்தின் மறுமுகம்

இப்பழம் இன்னோரிடத்தில் திரும்ப வருவது கருதத்தக்கது. அயலகத்துப் பெண்கள் யசோதையிடம் முறையிடும் பதிகத்தில், ஒருத்தியின் மகளைக் கூவியழைத்து, அவள் கைவளையைக் கழற்றி, பழம் விற்க வந்தவளிடம் கொடுத்து, நல்ல நாவற்பழமாக வாங்கிக்கொண்டு, கேட்டவர்களிடம் நான் அல்லேன் என்று சிரித்து நிற்கிறான். தாய் விலையாகக் காட்டிய பழத்தைப் பிள்ளை தானே விலை கொடுத்து வாங்கக் கற்றுவிட்டான். கொடுத்த விலைதான் பிறருடையது. ஆசை காட்டிப் பிள்ளையை இணக்க நினைப்போருக்கு இதைவிட நயமான எச்சரிக்கை வேண்டுவதில்லை.

அதே முறையீட்டில் வேறொருத்தி, பன்னிரண்டு திருவோணம் நோற்பதற்காக அரிசி, பருப்பு, அக்காரம், நெய், பால் கொண்டு சமைத்தவற்றை எல்லாம் உண்டுவிட்டு, இன்னும் வேண்டும் என்று நிற்கிறான் என்கிறாள். திருவோணம் அவனுடைய திருநாள். அவனை நோக்கிய நோன்பின் பண்டத்தை அவனே உண்டால் அது களவு ஆகுமா, நிவேதனம் ஆகுமா? முறையிடுபவள் இதை அறியாள். பாசுரம் பாடும் ஆழ்வார் அறிவார். அவளுடைய கோபம் உண்மை. அவளுடைய நோன்பு பலித்ததும் உண்மை. இவ்விரண்டும் ஒரே சொற்றொடரில் நிற்பதால் விளையும் சிரிப்பு வெறும் நகைச்சுவை அன்று. ஆராதனம் என்பது யாது என்ற கேள்வியே அதனுள் உள்ளது.

நீராட்டும் பதிகத்திலும் இவ்வாறே. எண்ணெயும் புளிப்பழமும் வைத்துக்கொண்டு தாய் நெடும்போது காத்திருக்கிறாள். கன்றுகளின் காதில் கட்டெறும்பை விட்டு அவற்றை ஓடச் செய்தவனிடம், கன்று சிதறிப் போனால் வெண்ணெய் விழுங்குவது எப்படி என்று பார்ப்போம் என்கிறாள். அப்பம் சுட்டு வைத்திருப்பதைச் சொல்கிறாள். இன்று உன் திருவோணம் என்கிறாள். ஒன்றும் பலிக்காத இடத்தில், புழுதி படிந்த அவன் மேனியைக் காண்பது தனக்குப் பேருவப்பே என்று உண்மையைச் சொல்லிவிட்டு, ஆனாலும் கண்டவர் பழிப்பர், நப்பின்னை கண்டால் சிரிப்பாள் என்கிறாள். கண்டிப்பவளே உள்ளூர அதை ரசிப்பவள் என்பது இங்குத் தாயின் வாயாலேயே வெளிவருகிறது.

அழுகை நடிப்பா?

இவ்விடத்தில் ஒரு வினா எழும். ஸர்வஸ்வதந்த்ரன் காது நோகும் என்று அழுவது நடிப்பா, மெய்யா? நடிப்பாயின், யசோதையின் கவலை முழுவதும் ஏமாற்றப்பட்டவளின் கவலை ஆகும். மெய்யாயின், பரத்வத்துக்குக் குறை வருமோ என்ற அச்சம் எழும். அச்சத்தால் பலர் நடிப்பு என்ற விடையில் ஒதுங்குகின்றனர். மரபு காட்டும் வழி அது அன்று. ஸ்வதந்த்ரனுக்குப் பிறருக்கு வசப்படும் ஸ்வாதந்த்ர்யமும் உண்டு. வசப்பட்டது போலக் காட்டுவதோடு அவன் நிற்பதில்லை, வசப்படவே செய்கிறான். எல்லாம் உடையவன் தன்னுடைய மண்ணையே பிறனிடம் கைநீட்டிக் கேட்டது மெய்யான யாசகம். அந்த இளிவரவையும் அவன் ஏற்றான். அதுபோலவே ஆய்ப்பாடியில் அவன் அழுததும் மெய்.

பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில் பெரியாழ்வாரின் மங்களாசாஸனத்தை விளக்கும்போது, அறிவின் நிலையில் காப்பவன் எம்பெருமான், காக்கப்படுபவன் ஆத்மா என்ற முறை நிற்கும் என்றும், ப்ரேமத்தின் நிலையில் அது தலைமாறும் என்றும் தெளிவிக்கிறார். பல்லாண்டு பாடியவரே யசோதையாய் நின்று, நிலவை அழைத்துக் களைத்த பிள்ளைக்குக் கை நோகும் என்றும், உறங்காவிடில் உண்ட பால் செரிக்காது என்றும் கவலைப்படுகிறார். பிள்ளை மறுக்காமல் எல்லாவற்றுக்கும் இணங்கிவிட்டால் இக்கவலைக்கு இடமில்லை. காக்கும் உரிமையைத் தாய்க்குக் கொடுக்கும் வாயிலாகவே அவனுடைய அடங்காமை அமைகிறது.

இதே இயல்பைத் திருக்கோவலூர் இடைகழி காட்டுகிறது. ஒருவர் கிடக்கவும் இருவர் இருக்கவும் மூவர் நிற்கவும் போதிய இடத்தில், முதலாழ்வார்கள் மூவரிடையே அழையாமல் புகுந்து நெருக்கினான் நான்காமவன். பெரியோர் நெருங்கியிருக்கும் இடத்தில் தனக்கும் இடம் வேண்டும் என்று உட்புகும் சிறுபிள்ளையின் செயல் அது. வேதாந்த தேசிகன் தேஹளீச ஸ்துதியில் இதனைக் கரும்பு நெரிபடும் ஆலையாக உருவகித்தார். நெருக்கியவனே நெருக்குண்டான் என்பது அவ்வுருவகத்தின் நயம். மூவடிக்காக நின்ற பிடிவாதமும், இடைகழியில் புகுந்த பிடிவாதமும், நீராட மறுத்த பிடிவாதமும் ஒன்றே. தன்னை விட்டு விலகி யாரும் அமைதியாக இருக்க அவன் விடுவதில்லை.

எதிர்வாதமும் விடையும்

இங்ஙனம் கொண்டால் பகவத் விஷயம் வீட்டுக் கதையாகச் சுருங்காதோ என்பர். சுருங்காது என்பதற்குப் பாசுரங்களே சான்று. தளர்நடைப் பதிகத்தில் தத்தித் தத்தி நடக்கும் அடிகள் சங்கும் சக்கரமுமாகத் தடம் பதிக்கின்றன. அப்பூச்சி காட்டும் பதிகத்தில், அடியார் தொழும் ஆழியும் சங்கமும் அயலாரை மருட்டும் விளையாட்டில் சேர்கின்றன. பரத்வம் எங்கும் மறைக்கப்படவில்லை. அது பிள்ளையின் விளையாட்டுப் பொருளாகிவிட்டது. எளியவனாதல் மட்டும் அன்று, தன் பெருமையையே பிள்ளைக் குறும்புக்கு உபகரணமாக்குதல் ஸௌலப்யத்தின் எல்லை.

குறும்பு வேண்டாப் பொருள் அன்று என்பதற்கு ஆழ்வார் தரும் இறுதிச் சான்று, அது இல்லாத நாளைப் பற்றியது. கன்றின்பின் போக்கியதற்கு யசோதை இரங்கும் பதிகத்தில், ஓடியவனைப் பிடிப்பதும் முறையீடு கேட்பதும் இல்லாத அமைதி வீட்டில் வாய்க்கிறது. அவ்வமைதியில் அவள் எண்ணுவது, சுடுபரல் நிறைந்த காட்டுக்குக் குடையும் செருப்பும் கொடாமல் அனுப்பிவிட்டேனே என்பதையே. ஊரார் தூற்றியதும் அவன் செய்த குறும்புகளும் அங்கு நினைவுக்கு வந்தாலும், இரக்கமே மேலோங்குகிறது. முறையிட்ட பெண்களுக்கு இடப்பட்ட பாசுரங்களையும், இரங்கும் தாய்க்கு இடப்பட்ட பாசுரங்களையும் அடுத்தடுத்துப் பயில்வோருக்கு, முன்னதன் சிரிப்பு பின்னதன் இரக்கத்துக்கு ஆழம் சேர்ப்பது விளங்கும்.

எனவே கோஷ்டியில் இப்பதிகங்களை அநுஸந்திக்கும்போது சிரிப்பு எழுந்தால் அது அபசாரம் ஆகாது. உரையாசிரியர் பிரித்துக் காட்டிய குரல்கள் செவியில் விழுந்தன என்பதற்கு அது அடையாளம். வீட்டில் எண்ணெய்க் கிண்ணத்தோடு பிள்ளையைத் துரத்தும் தாய்மார்க்கும் இங்கு ஒரு பேறு உண்டு. அவர்கள் சலிப்போடு சொல்லும் சொற்களையே ஆழ்வார் வாங்கி, பன்னிரு நாமங்களோடு தொடுத்து எம்பெருமானுக்குச் சாற்றினார். மூன்றடி கேட்டு நின்றவன் அச்சொற்களுக்கு இன்றும் ஓடி ஒளிகிறான். அவனைப் பிடிக்க வல்லது அறிவு அன்று. நாவற்பழத்தோடு அலுக்காமல் பின்தொடரும் பரிவே.