குழி வெட்டும் நால்வர்

திருகோணமலை ஏகாம்பரம் மைதானத்து உதைபந்தாட்டத்தை அலசும் இந்தப் பத்தியில் இம்முறை ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். போன கிழமை பயிற்சி முடிந்து, வியர்வை காயமுன்னரே நான்கு பெடியள் என்னிடம் வந்தார்கள். கைபேசியில் குறும்படம் எடுக்கப் போகிறார்களாம். முகமூடிக் கொலைகாரன், கத்தி, இடையிடையே சிரிப்பு. “கையில காசு இல்லை அண்ணா, சரிவருமோ?” என்றான் ஒருவன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

காசுக் கவலைக்கு 1978ஆம் ஆண்டே பதில் வந்துவிட்டது. ஜோன் கார்ப்பென்டரின் ‘ஹலோவீன்’ அந்த ஒக்டோபரில் அமெரிக்காவில் வெளியானது. அதே மாதம் தமிழ்நாட்டில் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’. ஹலோவீன் கொலைகாரனின் அந்தப் பயங்கர முகம், கடையில் இரண்டு டொலருக்கும் குறைவாக வாங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ கப்டன் கேர்க்கின் முகமூடி. வெள்ளை பூசி, கண் துளைகளைப் பெரிதாக்கினார்கள், அவ்வளவுதான். இலையுதிர் காலம் போலத் தெரிய, வர்ணம் பூசிய இலைகளை வீதியில் கொட்டிப் படம் பிடித்துவிட்டு, அடுத்த காட்சிக்கு அவற்றையே கூட்டி அள்ளினார்கள். இசையையும் இயக்குநரே போட்டார். இரண்டு வருடம் கழித்து, அதுவும் ஒரு கொலைகாரன் கதையான ‘மூடுபனி’யை எடுத்த பாலு மகேந்திரா, மட்டக்களப்பு அமிர்தகழிக்காரர். கத்தியும் பயமும் நமக்குத் தூரத்துச் சாமான் அல்ல. அதற்குள் சிரிப்பைக் கொண்டுவருவதுதான் கஷ்டம்.

அதில் பாதி வென்ற படம் என்று டீகே இயக்கிய ‘யாமிருக்க பயமே’யை (2014) சொல்வேன். கத்திக்காரன் இல்லாவிட்டாலும், ஒருவர் பின் ஒருவராக ஆள் விழும் கணக்கு அதில் உண்டு. அதன் வித்து, கிம் ஜீ-வூன் 1998இல் எடுத்த ‘த குவையட் ஃபமிலி’ என்ற கொரியப் படம். ஜப்பானில் தகாஷி மீகே அதையே 2001இல் ஆட்டமும் பாட்டுமாக எடுத்தார்.

ஒரு பழைய மாளிகையை விடுதியாக்குகிறார்கள் நால்வர்: கிருஷ்ணா, ரூபா மஞ்சரி, கருணாகரன், ஓவியா. தங்க வருகிறவர்கள் சாகிறார்கள். பொலிசுக்குப் பயந்து நால்வரும் உடல்களைப் புதைக்கிறார்கள். முதற்பாதி முழுக்க இந்த நால்வரும் பந்தைத் தங்களுக்குள்ளேயே கடத்தி ஆடுகிறார்கள். ஒருவர் பதறினால் அடுத்தவர் அதை வாங்கி வேறு பக்கம் திருப்புகிறார். நடுக்களம் கருணாகரன். முகத்தை அசைக்காமல் அவர் நிற்கும் அந்த ஒரு விநாடியில்தான் பார்ப்பவனுக்குச் சிரிக்க இடம் கிடைக்கிறது. ஒரே வீட்டுக்குள் கதை நடப்பதால் அறைகளும் படிகளும் நமக்குப் பழகிவிடுகின்றன. எந்தக் கதவு திறந்தால் ஆபத்து என்று நாமே கணக்குப் போடத் தொடங்குகிறோம். செலவில்லாமல் கிடைத்த பலம் இது.

குழி வெட்டுவதைப் பார்த்து எங்கள் ஊரில் இலகுவில் சிரிப்பு வராது. 2006 ஜனவரி 2ஆம் திகதி ஐந்து மாணவர்கள் கடற்கரையில் கொல்லப்பட்ட ஊர் இது. அதே வருடம் ஓகஸ்டில் மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள். அப்படியிருந்தும் இந்தப் படத்துக்கு நான் சிரித்தேன். ஏன் என்று பல நாள் யோசித்தேன். முதற்பாதி செத்தவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மண்வெட்டி பிடித்து நிற்கும் உயிருள்ளவர்களின் கோழைத்தனத்தையும் பணக் கவலையையும் பார்த்துத்தான் சிரிக்கிறது. அந்தக் கோழைத்தனம் எனக்கும் தெரிந்ததுதான்.

இரண்டாம் பாதியில் ஆட்டம் கையை விட்டுப் போகிறது. பேயும் பழங்கதையும் உள்ளே வந்ததும் எல்லாவற்றுக்கும் காரணம் வேறு யாரோ என்றாகி, நால்வரும் தங்கள் ஆட்டத்துக்கே பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். ஏய்த்துப் பிழைத்தவன், பிணத்தை மறைத்தவன் என்ற கணக்கு தீரவேயில்லை. இரட்டை அர்த்த வசனங்கள் இன்னொரு கோளாறு. வீட்டில் பிள்ளைகளோடு இருந்து பார்க்க முடியாது, கருணாகரன் போன்றவருக்கு அந்தக் குறுக்குவழி தேவையுமில்லை. எனக்கு மிகவும் உறுத்தியது, விழுகிறவர்கள் வெறும் எண்ணிக்கையாக நிற்பது. அவர்களை யார் தேடுவார்கள் என்று படம் ஒரு நிமிடமாவது கேட்டிருக்கலாம்.

எலை கிரெய்கின் ‘டக்கர் அண்ட் டேல் வெர்சஸ் ஈவில்’ (2010) ஆட்டத்தைக் கைவிடாமல் கெட்டிக்காரத்தனமாக ஆடியது. இரண்டு அப்பாவிக் கிராமத்தவர்களைக் கொலைகாரர்கள் என்று நகரத்துப் பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். மரம் அரைக்கும் இயந்திரத்துக்குள் ஒரு பையன் தானே போய் விழ, காப்பாற்ற இழுக்கிறவன் தூரத்திலிருந்து பார்ப்பவனுக்குக் கொலைகாரனாகத் தெரிகிறான். படத்தின் பெரும்பகுதியும் அந்த ஒரு தப்பெண்ணத்தை விட்டு விலகுவதில்லை. இரத்தம் தெறிக்கும்போதும் யார் எதை ஏன் நம்புகிறார்கள் என்பது குழம்புவதில்லை.

பெடியளிடம் முகமூடியைப் பிறகு பார்ப்போம் என்றேன். முதலில் நாலு பேருக்கும் நாலு விதமான பயத்தை எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். முதலில் விழுகிறவனுக்கு ஒரு பெயர் வேண்டும், அவனைத் தேடி வாசலில் வந்து நிற்க ஒரு அம்மாவும் வேண்டும் என்றேன். “அம்மா வந்தா சிரிப்பு நின்டுடுமே அண்ணா” என்றான் கோல் காப்பாளன். நிற்கட்டும், அதற்குப் பிறகும் சனத்தைச் சிரிக்க வைக்க உன்னால் முடியுமா என்று பார் என்றேன். வியாழக்கிழமை எழுதிக்கொண்டு வருகிறார்கள்.