ஆறுகள் ஏன் கைதட்டுகின்றன? - அன்பும் தீர்ப்பும் குறித்துச் சில குறிப்புகள்

கிறித்தவக் கடவுளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம் முற்போக்கு வட்டத்தில் வசதியான ஒரு பாகப்பிரிவினை நடந்துவிடுகிறது. பழைய ஏற்பாட்டில் இருப்பவர் கோபக்காரர், தண்டிக்கிறவர். புதிய ஏற்பாட்டில் இருப்பவர் அன்பானவர், மன்னிக்கிறவர். முதலாமவரை ஓரங்கட்டிட்டு இரண்டாமவரை மட்டும் வச்சுக்கிட்டா போதும் என்கிறார்கள்.

இது புதுச் சரக்கு அல்ல. கி.பி. 144இல் ரோமாபுரிச் சபையை விட்டு வெளியேற்றப்பட்ட மார்சியோன் சொன்னதும் இதுதான். உலகைப் படைத்து, சட்டம் தந்து, நீதி செலுத்தும் கடவுள் வேறு. இயேசு வெளிப்படுத்திய அன்புக் கடவுள் வேறு. எபிரேய வேதம் முழுவதையும் தள்ளிவிட்டு லூக்கா சுவிசேஷத்தையும் பவுலின் பத்து நிருபங்களையும் மட்டும், அவற்றிலும் வெட்டித் திருத்தி, அவர் வைத்துக்கொண்டார். சபை மார்சியோனைத் துரத்தியது. அவருடைய கத்தரிக்கோலைத் துரத்தவில்லை. யூதர் என்றால் பழிவாங்கும் சட்டம், கிறித்தவர் என்றால் அருள் என்கிற எதிர்வு ஐரோப்பிய யூத வெறுப்புக்கு எவ்வளவு தீனி போட்டது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை.

பிரதிகளை எடுத்து வாசித்தாலே இந்தப் பிரிவினை நிற்காது. ஓசியா 11ஆம் அதிகாரத்தில் பிள்ளைக்கு நடை பழக்கிய பெற்றவரைப் போலப் பேசும் கடவுள், தண்டிக்க நினைத்தும் மனம் கலங்கி நின்றுவிடுகிறார். இது பழைய ஏற்பாடு. நரகத்தைக் குறிக்கும் 'கெகன்னா' என்ற சொல் புதிய ஏற்பாட்டில் 12 இடங்களில் வருகிறது. அவற்றில் 11 இயேசுவின் வாயிலிருந்தே வருகின்றன. ஆக, அன்பும் தீர்ப்பும் இரண்டு புத்தகங்களில் பிரிந்து கிடக்கவில்லை. ஒரே குரலில்தான் இரண்டும் இருக்கின்றன. அந்தக் குரலை யார், எங்கே நின்று கேட்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

'ஷாபத்' என்கிற எபிரேய வினைச்சொல்லுக்கு வழக்கைத் தீர்ப்பது மட்டும் பொருளல்ல. ஆள்வது, கோணலை நிமிர்த்துவது என்றெல்லாம் அது விரியும். நியாயாதிபதிகள் புத்தகத்தில் பேரீச்ச மரத்தடியில் உட்கார்ந்து ஜனங்களின் வழக்கைக் கேட்கிற தெபொராள்தான் சிசெராவின் தொள்ளாயிரம் இரும்பு ரதங்களுக்கு எதிராக அவர்களைத் திரட்டுகிறாள். நியாயம் தீர்ப்பதும் விடுவிப்பதும் அங்கே ஒரே வேலை. 96, 98ஆம் சங்கீதங்களிலோ கடவுள் நியாயம் தீர்க்க வருகிறார் என்ற சேதி கேட்டு மரங்கள் பாடுகின்றன, ஆறுகள் கைதட்டுகின்றன. தீர்ப்பு வருதுன்னா எவனாவது கைதட்டுவானா? தட்டுவான், ரொம்ப காலமாக வழக்கு எடுக்கப்படாமலே கிடந்தவன் தட்டுவான்.

கிறித்தவன் தீர்ப்பு என்றதும் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் வைத்துப் பார்க்கிறான், சங்கீதக்காரனோ வாதியாக நிற்கிறான் என்பதை சி.எஸ். லூயிஸ் 1958இலேயே சுட்டிக்காட்டினார். அதை யூத-கிறித்தவ வேறுபாடாக அவர் விளக்கினார். எனக்கு அது போதவில்லை. கூண்டில் நிற்பதாக எண்ணி அன்பை மட்டும் கேட்பவர் யார், வாதியாக நின்று தீர்ப்பைக் கேட்பவர் யார் என்பதில் அதிகாரம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் இது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

1857இல் அங்கே டச்சுச் சீர்திருத்தச் சபையின் கேப் மாகாண மாமன்றம் ஒரு முடிவெடுத்தது. எல்லாரும் சேர்ந்து வழிபடுவதுதான் வேதத்துக்கு உகந்தது. ஆனாலும் சிலருடைய பலவீனத்தை முன்னிட்டு வெள்ளையரல்லாதோருக்குத் தனி வழிபாடு நடத்திக்கொள்ளலாம். பலவீனம் யாருடையது? ஒரே கிண்ணத்தில் குடிக்க மனம் வராத வெள்ளையருடையது. அதற்காக விலகி நிற்கச் சொல்லப்பட்டது மற்றவர்கள். 1881இல் தனிச் சபையே உருவானது. 1948க்குப் பிறகு வந்த நிறவெறி அரசுக்கு இறையியல் முன்மாதிரி தயாராக இருந்தது. இத்தனைக்கும் அன்பை, சகோதர அன்பை, யாரும் மறுக்கவே இல்லை.

1985 ஜூலையில் அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டது. செப்டம்பரில் கைரோஸ் ஆவணம் வந்தது. அது அரசு இறையியல், சபை இறையியல், இறைவாக்கு இறையியல் என மூன்றைப் பிரித்துக் காட்டியது. கீழ்ப்படிதலைச் சொல்லும் ரோமர் 13ஆம் அதிகாரத்தைக் காட்டி ஆட்சியாளருக்குக் கடவுளின் முத்திரை குத்துவது அரசு இறையியல். ஆனால் ஆவணத்தின் கூர்மை இருப்பது இரண்டாவதன் மீதான விமர்சனத்தில்தான். நிறவெறியைக் கண்டித்துக்கொண்டே, 'இரு தரப்பும் ஒப்புரவாகுங்கள்' என்று போதித்த நல்லவர்களின் இறையியல் அது. கண்ணீர்ப்புகையும் துப்பாக்கியும் ஒரு பக்கம், கல் மறுபக்கம். இதில் இரு தரப்பும் சமமாக விட்டுக்கொடுக்கணுமாம். அநீதி நீங்காமல், மனந்திரும்பாமல் ஒப்புரவு இல்லை என்று ஆவணம் அறுதியாகச் சொன்னது. தீர்ப்பைக் கடந்து வராத அன்பு அநீதிக்கு உடந்தை என்பதே இதன் பொருளாக நான் வாசிக்கிறேன்.

பிறகு 1996 ஏப்ரலில் டெஸ்மண்ட் டூட்டுவின் தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் விசாரணை தொடங்கியது. அரசியல் நோக்கத்தோடு செய்த குற்றத்தை முழுமையாக வெளிப்படுத்தினால் பொதுமன்னிப்பு உண்டு. வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை சட்டத்தில் இல்லை. 1977இல் காவலில் கொல்லப்பட்ட ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தார் இந்தப் பொதுமன்னிப்பை எதிர்த்து அரசியல் சட்ட நீதிமன்றம் போனார்கள், 1996இல் தோற்றார்கள். பிக்கோ வழக்கின் காவலர்களுக்கு 1999இல் மன்னிப்பு மறுக்கப்பட்டது. ஆனால் 2003இல், அவர்கள் மீது வழக்குத் தொடரப்போவதில்லை என்று அரசுத் தரப்பு சொல்லிவிட்டது. அதே ஆண்டு, ஆணையம் அடையாளம் கண்ட பாதிக்கப்பட்டோருக்கு ஒரே தவணையாகத் தலா 30,000 ராண்ட் என்று அறிவிக்கப்பட்டது.

டூட்டுவின் ஆணையத்தை வெறும் நாடகம் என்று நான் ஒதுக்கமாட்டேன். சித்திரவதை செய்தவன் ஊரறிய அதை விவரிக்க வேண்டி வந்ததே ஒரு தீர்ப்புதான். ஆணையம் எதையாவது சாதித்தது என்றால் அங்கேதான் சாதித்தது. கோளாறு வேறிடத்தில். அன்புக்கு ஆகும் செலவெல்லாம் பாதிக்கப்பட்டவர் கணக்கில் எழுதப்பட்டது. நிலமும் சொத்தும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதில் நியாயமும் உண்டு. தீர்ப்பு என்கிற சொல் பெண்களையும், மாற்றுப் பாலுறவினரையும், சபைக்கு அடங்காத எல்லாரையும் நரகத்தைக் காட்டி மிரட்டவே அதிகம் பயன்பட்டிருக்கிறது. அதை மறுபடி ஏன் தூக்கிப் பிடிக்கணும்? இதற்கு மத்தேயு 25ஆம் அதிகாரத்தைத்தான் கையில் எடுக்க வேண்டும். அங்கே நடக்கும் கடைசி விசாரணையில் விசுவாசப் பிரமாணமோ படுக்கையறையோ விசாரிக்கப்படவில்லை. பசித்தவனுக்குச் சோறு போட்டாயா, சிறையில் கிடந்தவனைப் போய்ப் பார்த்தாயா என்பதே கேள்வி. நீதிபதியே பசித்தவனாகவும் கைதியாகவும் இருந்திருக்கிறார். கீழே கிடப்பவர் மீது அந்தத் தீர்ப்பைத் திருப்ப முடியாது.

அது பழிதீர்ப்பாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள யோனாவின் கதை இருக்கிறது. எதிரியின் நகரமான நினிவே மனந்திரும்பித் தப்பியதும் தீர்க்கதரிசிக்கே கோபம் வருகிறது. அந்த நகரத்தின் 1,20,000 பேரையும் ஆடுமாடுகளையும் நினைத்துக் கடவுள் இரங்குகிறார். ஆனால் ராஜா சிங்காசனத்தை விட்டிறங்கிச் சாம்பலில் உட்கார்ந்த பிறகே அந்த இரக்கம் வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் சபை இறையியலின் வேலை.

1857இன் கதை நம்மூர்க்காரருக்குப் புதிதாக இருக்காது. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், திருவிருந்தில் சாதி வேற்றுமையை உடனே கைவிடச் சொல்லித் தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கத்துக்காக வாதாடினார். உடன்படாத அவர்களைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம், காலப்போக்கில் சரியாயிடும் என்கிற குரல் அன்பின் குரலாகவே ஒலித்தது. தமிழகத்தின் சில ஊர்களில் இன்றும் கல்லறைத் தோட்டம் தனித்தனிதான். அங்கே தலித் கிறித்தவர் கேட்பது தீர்ப்பு. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கிடைப்பது அன்பு. இரண்டும் ஒரே கடவுளுடையது என்று சபை உண்மையில் நம்பினால் அந்த மதிலை முதலில் இடிக்கட்டும்; ஒப்புரவைப் பற்றி அப்புறம் பேசலாம்.